பருப்பு வேகாத வீடு

வீடு கட்டிக் குடிவந்த முதல் வாரத்தில் துவரம்பருப்பு வேகவில்லை. குக்கரில் நாலு விசில் விட்டேன். அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு. மூடியைத் திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, அத்தை வந்து கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் பார்த்தார். "பருப்பு மேல தப்பில்ல கண்ணு. தண்ணி உப்பு."

"உன் பருப்பு இங்கே வேகாது" என்று யார் யாரையோ பார்த்துச் சொல்லியிருக்கிறோம். அதை முதலில் சொன்னவர் எங்கள் சூலூர்ப் பக்கத்து போர்த் தண்ணீரில் சாம்பார் வைக்கப் பார்த்தவராக இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவரிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது குழையாது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் குழையும் என்பது பழைய வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். வேலை செய்யும், ஆனால் ருசி கொஞ்சம் சோப்புப் பக்கம் சாயும்.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு சாதி. ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நான் பிறந்து வளர்ந்தது நகரத்துக்குள், சிறுவாணி வரும் தெருவில். அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அதன் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதோ நாங்கள். மலையில் பெய்த மழை அதிகம் மண்ணுக்குள் போய் ஊறாமல் வந்து சேர்வதால் அதில் கரைந்திருப்பது மிகக் குறைவு. கல்யாணமாகி, இடம் வாங்கி, ஊருக்கு வெளியே வந்த பிறகுதான் 700 அடி ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நல்ல தண்ணி எங்கள் தெருவுக்கும் வரும்தான். எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது.

முதல் வருடம் சமாளித்தோம். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைத் திட்டு, ஷவரின் துளைகளில் பாதி அடைப்பு, எவர்சில்வர் டம்ளரில் கழுவக் கழுவப் போகாத புகை. துணி துவைத்துக் காயப்போட்டால் துண்டு அப்பளம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பதினாலாவது மாதம் கீசர் செத்தது. எலக்ட்ரீஷியன் தம்பி கழற்றி, உள்ளே இருந்த சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். சுண்ணாம்பில் முக்கி எடுத்த கைமுறுக்கு மாதிரி இருந்தது. தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. "அக்கா, கம்பி சூடாகுது. ஆனா சூடு தண்ணிக்குப் போகமாட்டேங்குது. அதுல கம்பியே வெந்து போச்சுங்க" என்றார். பருப்பு வேகாத வீட்டில் கம்பி வெந்திருக்கிறது.

அதன் பிறகுதான் இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தோம். விஷயம் காதில் விழுந்ததும் வந்து சேர்ந்தார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. டையெல்லாம் கட்டியிருந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் போர்த் தண்ணீர், மற்றதில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியே வடிகட்டியது. நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கைச் சொருகினார். இரண்டே நிமிஷத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை நிறத்துக்கு வந்தது. மேலே பச்சையும் பழுப்புமாக நுரை. அவர் டம்ளர் தெளிவாகவே நின்றது. "இதைத்தாம்மா நீங்க குடிச்சிட்டிருக்கீங்க." அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அது கண்கட்டு வித்தை. அந்தக் கம்பிகளில் பாதி இரும்பு. உப்புகள் கரைந்திருக்கும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரையும், அந்தத் துருதான் பழுப்பாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் கம்பியும் கரைவதில்லை. அவர் பாட்டில் தண்ணீரில் அரைச் சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொன்னால் அதுவும் சாக்கடையாகும். இதை எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை. அன்றைக்கு நாங்கள் முன்பணம் கொடுக்காமல் தப்பியதற்கு ஒரே காரணம், வீட்டுக்காரர் பர்ஸை ஆபீஸில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

முதலில் செய்ய வேண்டியது தண்ணீரைச் சோதிப்பது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் பிடித்துக்கொண்டு போனேன். வந்த அறிக்கையில் எனக்கு வேண்டியது நாலே வரி. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., 1,480. மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்) எடையாக மாற்றிச் சொல்லும் கணக்கு, 640. அதில் பாதி கால்சியத்தால், பாதி மக்னீசியத்தால். காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் கரைந்திருக்கும் பைகார்பனேட், அதே கணக்கில் 380.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 சொல்வது இது: குடிநீரில் கடினத்தன்மை 200 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ்.ஸுக்கு அதே மாதிரி 500, 2,000. ஆக, டி.டி.எஸ்.ஸில் நாங்கள் பாஸ், கடினத்தன்மையில் பெயில்.

இங்கேதான் நம் வாயில் இருக்கும் ஒரு சொல் காலை வாருகிறது. பருப்பு வேகாததற்கும் உப்பு என்கிறோம், வாயில் வைத்தால் கரிப்பதற்கும் உப்பு என்கிறோம், டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறினாலும் உப்பு என்கிறோம். மூன்றும் வேறு வேறு. மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்து, மொத்தமாகக் கரைந்ததெல்லாம் எவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்லும். அதில் சோப்பைக் கெடுப்பது எவ்வளவு, சும்மா கிடப்பது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ராமநாதபுரக் கடலோரத்துக் கிணற்றில் கரிப்பது பெரும்பாலும் சோடியமும் குளோரைடும், சமையல் உப்பு. எங்களுடையது சுண்ணாம்பு. மதுக்கரையில் சுண்ணாம்புப் பாறையை வெட்டி சிமெண்ட் செய்கிற ஜில்லா இது. வயலில் கடப்பாரையைப் போட்டால் சுக்கான் கல் தட்டுகிற இடங்களும் உண்டு. மழைத் தண்ணீர் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்து, அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. கொதிக்க வைத்தால் அந்த வாயு பறந்துவிடும், சுண்ணாம்பு மறுபடி கல்லாகும். கீசர் கம்பியில் இருந்தது அந்தக் கல்தான். எங்கள் 640-இல் கொதித்தால் இப்படிக் கல்லாகக்கூடியது காரத்தன்மை அளவுக்கு, 380 வரை. மீதி 260 கொதித்தாலும் போகாது.

உடம்புக்கு என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிட்னியில் கல் வரும், முடி கொட்டும் என்று எங்கள் தெருவே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை. முடி சொரசொரப்பாவது உண்மை, ஏனென்றால் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பிசுக்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. அத்தையின் முடி மட்டும் எப்படி வழவழப்பாக இருக்கிறது என்று ரொம்ப நாள் வியந்தேன். அவர் இன்றைக்கும் அரப்புத்தான் போடுகிறார். அரப்பிலும் சீயக்காயிலும் நுரை வரவைக்கும் பொருள் சோப்பு மாதிரி சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்துபோவதில்லை. கொங்கு நாட்டுப் பெண்கள் இதைச் சோதனைக்கூடம் போகாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவது, பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசுவது எல்லாம்கூட அத்தை சொல்லிப் பார்த்தார். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், அது நிஜம். ஆனால் எங்கள் தண்ணீர் கலங்கல் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்துதான் கழுத்தை அறுத்தது.

குழாயில் மாட்டும் காந்தம் பற்றி ஒரு சொந்தக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர் வீட்டுக்கே போய், காந்தத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். ஒரே எண்தான் வந்தது. சுண்ணாம்பை எடுக்காது, படியும் விதத்தை மாற்றும் என்பது விற்கிறவர்கள் வாதம். இருக்கட்டும். என் காசைப் போட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சொந்தக்காரர் அதன்பிறகு என்னிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசியில் வாங்கியது சாப்ட்னர், தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு நீல உருளை, அதற்குள் 25 லிட்டர் ரெசின், பக்கத்தில் உப்புக் கரைக்க ஒரு டிரம். மாட்டும்போது ரெசின் கொஞ்சம் தரையில் சிந்தியது. தேன் நிறத்தில் கசகசா மாதிரி மணி மணியாக இருக்கும். அதை மிதித்து வழுக்கி விழப் பார்த்தார் பிளம்பர். அந்த ஒவ்வொரு மணியிலும் சோடியம் உட்கார்ந்திருக்கிறது. பஸ்ஸில் இரண்டு ஒல்லி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு ஒரு தடித்த ஆள் வந்தால் இரண்டு பேரும் எழுந்து இடம் விடுவார்களே, அதுதான் நடக்கிறது. கால்சியம் வந்து உட்கார்கிறது, அதற்குப் பதில் இரண்டு சோடியம் தண்ணீரோடு இறங்கிப் போகிறது. எல்லாச் சீட்டும் நிறைந்ததும் கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே விட்டால், சோடியம் கூட்டமாக நெருக்கித் தள்ளி, தடித்த ஆட்களை இறக்கிவிடும். கழிவோடு அவர்கள் வெளியே. மறுபடி முதலிலிருந்து.

இதை அத்தையிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "உப்புத் தண்ணிக்கு மூட்டை மூட்டையா உப்பையே வாங்கிப் போடறதா? முள்ள முள்ளால எடுக்கற கணக்கா?" ஆமாங்க அத்தை, அதே கணக்குத்தான்.

மாட்டிவிட்டுப் போன அன்று இரவு வீட்டுக்காரர் இணையத்தில் வாங்கிய டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். முன்னால் 1,480. பின்னால் 1,510. "34,000 ரூபா கொடுத்து உப்பைக் கூட்டியிருக்கோம்" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அடிவயிறு கலங்கியது. ஆனால் எண் சரிதான். 20 மில்லிகிராம் கால்சியம் போகும் இடத்தில் 23 மில்லிகிராம் சோடியம் வருகிறது. மொத்தம் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்க்க டி.டி.எஸ். மீட்டர் உதவாது. அதற்குச் சொட்டு மருந்துச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சின்னக் குப்பியில் கோடு வரைக்கும் தண்ணீர் எடுத்து, அதில் சாயப்பொடி ஒரு சிட்டிகை போட்டால் நாவல்பழச் சாறு மாதிரிச் சிவக்கும். அப்புறம் இன்னொரு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்ட வேண்டும். சுண்ணாம்பு தீர்ந்த நொடியில் சிவப்பு மாறி, சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி நீலமாகும். எங்கள் குப்பியில் ஒரு சொட்டுக்கு 25 மில்லிகிராம். போர்த் தண்ணீருக்கு 26 சொட்டு விட்டேன், சமையல் மேடையில் குனிந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே. சாப்ட்னர் தண்ணீரில் பொடி போட்டதுமே நீலமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒன்பது சொட்டுப் பிடித்தது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. மாட்டியவர்கள் போனை எடுக்கவே இல்லை. வேறு ஒரு பிளம்பர் வந்து, மோட்டார் மேல்தொட்டியை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். 1,000 லிட்டர் தொட்டி, 20 நிமிஷம். மணிக்கு 3,000 லிட்டர். 25 லிட்டர் ரெசினுக்கு அந்த வேகம் ரொம்ப அதிகம், மணிக்கு 1,000 லிட்டர் போனால்தான் ஒழுங்காக மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும் என்றார். சரி, மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்டலாமா என்று கேட்டேன். முடியாது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம், எங்கள் தொட்டி குழாய்க்கு மேலே 12 அடிகூட இல்லை. ஷவரில் தண்ணீர் கண்ணீராகத்தான் வரும். கடைசியில் மோட்டார் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு மட்டும் சாப்ட்னருக்குள் போய், மீதி சம்புக்கே திரும்புகிற மாதிரி ஒரு பை-பாஸ் குழாயும் வால்வும் போட்டார். தொட்டி நிரம்ப இப்போது ஒரு மணி நேரமாகிறது. கரண்டு கொஞ்சம் கூட ஆகிறது. அன்று சாயந்திரம் பொடி போட்டதும் குப்பி நேராக நீலமானது. நான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன், யாருக்கும் புரியவில்லை.

வாரம் ஒருமுறை உப்புப் போட்டால் போதும் என்று விற்றவர்கள் சொன்னதும் பொய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை வாங்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 640 மில்லிகிராம். வகுத்தால் 1,950 லிட்டர். நாலு பேர் குளிக்க, துவைக்க நாளுக்கு 450, 500 லிட்டர் ஆகிறது. நாலு நாளில் தீர்ந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை 4 கிலோ, மாதம் 30 கிலோ கல்லுப்பு. வாங்கும் முன்பே இந்த வகுத்தலைப் போட்டிருந்தால் பெரிய உருளையாக வாங்கியிருப்பேன். மளிகைக் கடைக்காரர் ஊறுகாய் வியாபாரமா என்று கேட்கிறார். தூத்துக்குடிக் கல்லுப்பே போதும், ஆனால் வெள்ளையாக மண் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். அழுக்கு உப்பு டிரம்மின் அடியில் சேறாகத் தங்கி, உறிஞ்சும் குழாயை அடைக்கும்.

உப்புப் போடும் நாளில் வால்வின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். பத்து நிமிஷம் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு ரெசினைக் கழுவுவது, அப்புறம் அரைமணி நேரம் உப்புக் கரைசல், அப்புறம் நாக்கில் கரிப்பு நிற்கும் வரை அலசல். இதில் நூற்றைம்பது லிட்டருக்கு மேல் கழிவு. முதல் மாதம் அந்தக் குழாயைத் தோட்டத்துப் பக்கம் விட்டிருந்தோம், தண்ணீர் வீணாகக் கூடாதே என்று. கறிவேப்பிலைச் செடி முதலில் இலை ஓரம் கருகியது, அப்புறம் குச்சியானது. அத்தை நட்டு ஆளுயரம் வளர்த்த செடி. நான் செய்த தவறுகளில் அவர் இன்னும் மன்னிக்காதது அதுதான். உப்புக் கழிவு மட்டுமில்லை, சாப்ட்னர் தண்ணீரையே செடிக்கு விடக் கூடாது. சோடியம் சேர்ந்தால் மண் இறுகிக் களராகும். இப்போது தோட்டத்துக்கு நேராகப் போரிலிருந்து தனிக் குழாய். செடிகளுக்குச் சுண்ணாம்பைப் பற்றி அவ்வளவு புகார் இல்லை.

குளியலில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. சோப்பு இத்துனூண்டு போட்டாலே நுரை. ஆனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உடம்பு வழவழவென்றே இருக்கும். "சோப்புப் போகவே மாட்டேங்குது, விளக்கெண்ணெ பூசின மாதிரி" என்று அத்தை ஒரு வாரம் தனியாகப் போர்த் தண்ணீரிலேயே குளித்தார். இத்தனை நாள் சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைத்த அந்தக் கிரீச் என்ற உணர்வு, தோலில் படிந்த சுண்ணாம்புச் சோப்புப் பிசுக்கு. அதை அவரிடம் சொல்லவில்லை. தானாகப் பழகிக்கொண்டார்.

குடிப்பதற்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எங்கள் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 290 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்கிறது. மூன்று லிட்டர் குடித்தால் 870. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. அதனால் சமையலறையில் மட்டும் சின்ன ஆர்.ஓ., அதுவும் சாப்ட்னருக்குப் பிறகு. சுண்ணாம்பு வராததால் சவ்வு அடைக்காது, சோடியத்தை ஆர்.ஓ. எடுத்துவிடும். கழிவாக வரும் தண்ணீர் வீடு துடைக்க. நகரத்திலிருக்கும் என் அக்கா சிறுவாணித் தண்ணீருக்கே ஆர்.ஓ. மாட்டியிருக்கிறாள். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவிட்டது என்று சொன்னேன். "உனக்குப் பொறாமை" என்றாள். பொறாமைதான்.

பருப்பு இப்போது மூணு விசிலில் வெந்துவிடுகிறது. அந்தப் பெருமையை அத்தை ஆர்.ஓ.வுக்குக் கொடுக்க மாட்டார். ஐப்பசி மழையில் மாடித் தண்ணீரை அண்டாவில் பிடித்து, வெள்ளைத்துணி கட்டி வைத்து, அதில் வேகவைத்தால்தான் பருப்புக்கு ருசி என்பார். ஒருநாள் குப்பியைக் கொண்டுபோய் அந்த மழைத் தண்ணீரிலும் பொடி போட்டுப் பார்த்தேன். சுத்த நீலம். அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆனால் உப்புப் போடும் நாள் கணக்கை வைத்திருப்பது அவர்தான். நான் இரண்டு முறை மறந்து துணியெல்லாம் பழையபடி விறைத்த பிறகு, பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மாதக் காலண்டரில் நாலு நாளைக்கு ஒரு கட்டத்தில், சிவப்புப் பேனாவில் உப்புக்கு ஒரு 'உ' போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் ஆத்தா, நாளு தவறாம பிள்ளையார் சுழி போட்டு வெச்சிருக்கறீங்க, ஏதாச்சும் நோம்பியா?" என்று கேட்டார்.

"ஆமா அம்மணி," என்றார் அத்தை. "மெசினுக்கு."